நல்ல தண்ணீர் வந்த வருஷம்

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்புச் சங்கக் கூட்டம் முழுக்கக் குழாய்த் தண்ணீர்ப் பேச்சாகவே போனது. கீசருக்குள் சுண்ணாம்பு மாதிரிப் படிகிறது, ஷவர் அடைத்துக்கொள்கிறது, தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது, இந்த வயதில் கிட்னியில் கல் வந்தால் யார் பார்ப்பது என்று ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள். சுத்திகரிப்பு மெஷின் விற்கிறவர் பேனா மாதிரி ஒன்றைத் தம்ளரில் முக்கி உப்பின் அளவைக் காட்டியதும் முன்வரிசையில் இருந்தவர்களுக்கு முகமே மாறிவிட்டது. போர்வெல்லை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வாங்கலாம், சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். நான் தூக்கவில்லை. ஏன் என்று கேட்டீர்கள். அங்கே எனக்குச் சொல்ல வரவில்லை. நல்ல தண்ணீர் என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றும் எனக்குப் பயம். எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன்.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே இருந்தது. கால்வாயைத் தாண்டினால் மணல்மேடு, சவுக்குத் தோப்பு, அப்புறம் கடல். எங்கள் பக்கம் தோண்டினால் பாறை. என் தாத்தா காலம்வரை ஊரார் வயலில் கூலி வேலை. அப்பா காலத்தில்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். அப்போது அணுபுரத்தில் அணுமின் நிலையக்காரர்களுக்கு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலைக்குப் போகிற கொத்தனார்களையும் சித்தாள்களையும் காலையில் ஏற்றிப்போய் சாயங்காலம் கொண்டுவந்து விடுகிற வேனுக்கு அப்பா டிரைவர்.

நான் நான்காவது படிக்கும்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. அதற்கு முன்னால் தெருமுனையில் கைப்பம்புதான். பஞ்சாயத்தில் ஆழமாகத் துளை போட்டு, உயரமாகத் தொட்டி கட்டிக் குழாய் இழுத்தார்கள். தண்ணீர் வந்த முதல் நாள் அம்மா குழாயைக் கழுவிக் குங்குமம் வைத்தாள். மறுநாள் பருப்பு வேகவில்லை. உலை கொதிகொதியென்று கொதித்தும் துவரம்பருப்பு கல் மாதிரியே கிடந்தது. சோப்பைத் தேய்த்தால் நுரை வராது, திரிந்த பால் மாதிரி ஏதோ மிதக்கும். அப்பாவின் வெள்ளைச் சட்டைகள் பழுப்பேறின. என் தலை எண்ணெய்ப் பிசுக்கும் போகாமல் சிக்காகக் கிடந்தது. எங்கள் வீட்டில் ஒரு பெரிய அலுமினிய அண்டா இருந்தது, அம்மா கல்யாணத்துக்கு வந்தது. அதன் உட்புறம் கொஞ்ச நாளில் வெள்ளை ஓடு கட்டியது. நகத்தால் நெம்பினால் முட்டை ஓடு மாதிரிப் பெயர்ந்து வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

அம்மா குடிக்கிற தண்ணீரை அந்த அண்டாவில் கொதிக்கவைப்பாள். ஆறியதும் அடியில் வெள்ளையாக மண்டிக் கிடப்பதைக் கலக்காமல் மேலாக மொண்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவாள். "உப்பெல்லாம் அடியில தங்கிப் போவட்டும்" என்பாள். தினமும் விறகு, தினமும் புகை. அந்த வேலையை அவள் மனசார வெறுத்தாள்.

முதல் பயம் அப்பாவிடமிருந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொல்லையில் வேனைத் துடைக்கத் துணி பிழிந்துகொண்டிருந்தவர் அப்படியே துவைக்கிற கல்மேல் கவிழ்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் ஊர்ந்தார். துண்டை வாயில் திணித்துக்கொண்டு கத்தினார். அப்பா அழுவார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. நான் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றத்து டாக்டர் கிட்னியில் கல் என்றார். "தண்ணி நிறைய குடிக்கணும். வண்டி ஓட்டும்போதும் குடிக்கிறியா?" என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். அவர் குடிக்கவே மாட்டார். வேன் நிறையப் பெண்கள் இருக்கும்போது எங்கே நிறுத்தி எங்கே ஒதுங்குவது என்று, காலையில் கிளம்பினால் வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் படாது. இது எனக்கு எப்போது புரிந்தது தெரியுமா? சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்த வருஷங்களில், நானும் அதே மாதிரி வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான்.

அன்றைக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கல் ஒருநாள் தானாக வெளியே வந்தது. மிளகை விடச் சின்னது, பழுப்பு நிறம், சுற்றிலும் முள் முள்ளாக. அப்பா அதை ஒரு டிங்சர் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். "இன்னான்னு தெரியுதா? குழாத் தண்ணி. அண்டாவுல ஒட்டிகினு கீதே, அதே தான் உள்ளயும் ஒட்டுது." தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்தப் பாட்டில் பிற்பாடு வீடு மாற்றும்போது எங்கேயோ போய்விட்டது.

அண்டாவைச் சுரண்டுவதை நான் அன்றோடு விட்டேன். படுத்தால் வயிற்றை அழுத்திப் பார்ப்பேன். கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் மூச்சே நின்றுவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து மாமல்லபுரம் கூட்டிப்போனபோது, பாறையிலிருந்து பாதி வெளியே வந்த மாதிரி நின்ற கல் ஆட்களைப் பார்க்கப் பிடிக்காமல் டீச்சர் பின்னாலேயே நடந்தேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். உதடு வெடித்தது. எதற்கு என்று கேட்ட அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் அம்மா உண்டாகியிருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை நடப்பது, குனிவது, தும்முவது எல்லாமே அவளுக்குப் பயம். அப்பாவின் சொந்தத் தங்கை, என் அத்தை, அடுத்த வீட்டில்தான் இருந்தாள். அவள் முறுக்கு சுற்றிக் கடைகளுக்குப் போடுகிறவள். ஒருநாள் அத்தை ஒரு குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணி, இத்தக் குடிச்சுப் பாரு. கால்வாக்கு அந்தாண்ட சவுக்குத் தோப்புல கிணறு கீதாம். டிராக்டர்காரரு கொண்டாந்து வூடு வூடா ஊத்துறாரு. கல்கண்டு மாதிரி கீது."

அம்மா குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் குடித்தாள். எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தாள். பயத்தில் எத்தனை நாள் தாகத்தை அடக்கியிருந்தேனோ, தம்ளர் போதாமல் சொம்போடு வாங்கிக் குடித்தேன். தொண்டையில் பட்டதே தெரியாமல் இறங்கியது. மணலில் ஊறிய தண்ணீருக்கு அப்படி ஒரு ருசி உண்டு.

அன்றைக்குப் பருப்பு வெண்ணெயாக வெந்தது. சோப்பு நுரைத்தது. அம்மா என் தலையை அலசிவிட்டு, விரல் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரித்தாள். டிராக்டர்காரர் அப்பாவை விடச் சின்னவர், ஒல்லியானவர். டேங்கர் குழாயைத் திறந்துவிட்டு, குடம் நிறையும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். அம்மா நிறை மாதத்தை நோக்கிப் போகிறாள் என்று தெரிந்து, அவர் குடத்தை வாசலில் வைக்காமல் உள்ளே கொண்டுவந்து இறக்கிவைப்பார். "நீங்க தூக்காதீங்க அண்ணி" என்பார்.

அண்டாவைக் கவிழ்த்து வைத்தாயிற்று. கொதிக்கவைப்பது நின்றது. நல்ல தண்ணீரை எதற்குக் கொதிக்கவைக்க வேண்டும்? அப்படியே மண்பானையில் ஊற்றிக் குடித்தோம். "இந்தப் புள்ள கல்லுத் தண்ணி குடிக்காத வளரட்டும்" என்று அம்மா வயிற்றைத் தடவிக்கொண்டாள். எங்கள் வீட்டில் பயமே இல்லாத காலம் என்றால் அதுதான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தாளிக்கிற வாசனை வந்தால் கொல்லைக்கு ஓடினாள். அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சில பேருக்கு மசக்கை திரும்பவும் வரும் அண்ணி. நல்ல தண்ணியா நிறைய குடி, சூடு எறங்கும்" என்று பானையிலிருந்து மொண்டு மொண்டு கொடுத்தாள். அம்மா சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை மாதிரிக் குடித்தாள்.

முதலில் பார்த்தது நான்தான். காலையில் அம்மா என்னை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என் கையில் கண்ணாடி இருந்தது. அதில் என் முகத்துக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

"யம்மா, உன் கண்ணு மஞ்சளா கீது."

சீப்பு நின்றது. கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி, வாசற்படிக்குப் போய் நின்று பார்த்தாள். அப்புறம் வந்து பாதியில் விட்ட பின்னலை முடித்தாள். அன்றைக்குப் பின்னல் வலிக்கிற மாதிரி இறுகியது.

அத்தை டாக்டரிடம் போக விடவில்லை. மஞ்சகாமாலைக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது, வயிற்றில் பிள்ளை வேறு இருக்கிறது என்றாள். திருப்போரூர்ப் பக்கம் ஒருவர் பச்சிலை அரைத்துக் கொடுப்பார். அங்கே போய்வந்தார்கள். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, மோர்ச்சோறு. அத்தை கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த மஞ்சகாமாலையெல்லாம் தானாகப் போனவை. அப்பாவும் அவள் பேச்சைத்தான் கேட்டார். அதற்குள் தெருவில் டீக்கடைக்காரருக்கு வந்தது. என் பக்கத்தில் உட்காருகிற பெண் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. காற்றில் வருகிறது என்றார்கள். யார் கண்ணையும் பார்க்கப் பயந்து நான் குனிந்தே நடந்தேன்.

அம்மா பகலெல்லாம் தூங்க ஆரம்பித்தாள். ஒருநாள் மழை என்று பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா பாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புடவை கலைந்திருந்தது. அம்மா என்றேன். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். தெருவில் போகிற யாரையோ பார்ப்பது மாதிரி.

"நீ யார் வூட்டுப் புள்ள?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நினைக்க முயன்றேன். "யம்மா, நான்மா."

"இங்க ஒரு கொழந்த இருந்துதே. அத்தப் பாத்தியா?" என்று பாயைத் தடவித் தேடினாள். தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். குழந்தை அவள் வயிற்றில்தான் இருந்தது.

நான் எப்படி அத்தை வீட்டுக்குப் போனேன் என்று நினைவில்லை. அத்தை வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லி, அப்பா வேனோடு வந்தார். சித்தாள்களும் கொத்தனார்களும் உள்ளேயே இருந்தார்கள். அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் மழையில் இறங்கி நின்றார்கள். அம்மாவின் தலை அத்தை மடியில். நான் கதவோரம் ஏறிக்கொண்டேன். இறங்கு என்று சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. செங்கல்பட்டு வரை அம்மா ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். என் பெயர் அதில் வரவே இல்லை.

பெரியாஸ்பத்திரியில் அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்சம் கழித்து ஒரு லேடி டாக்டர் வந்தார். அப்பா, அத்தை, நான், மூன்று பேரும் சுவரோரம் நின்றோம்.

"வீட்டுல குடிதண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டார்.

"நல்ல தண்ணிங்க" என்றார் அப்பா. "குழாத் தண்ணிய தொடறதேயில்ல. அது கல்லுத் தண்ணி. டிராக்டர்ல கிணத்துத் தண்ணி வருது, அதான் குடிக்கிறோம்."

"காய்ச்சிக் குடிப்பீங்களா?"

"குழாத் தண்ணின்னா காய்ச்சுவா. இது நல்ல தண்ணியாச்சேம்மா."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "உப்பா இருந்தா நாக்குக்குத் தெரியும். பருப்பு வேகாது, பாத்திரத்துல படியும். இந்த மஞ்சகாமாலைக் கிருமி தண்ணியில கலந்தா ருசியும் தெரியாது, நிறமும் தெரியாது. மத்தவங்களுக்கு வந்து போயிடும். மாசமா இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப ஆபத்து. ஏன் இவ்வளவு நாள் கழிச்சுக் கொண்டாந்தீங்க?"

அப்பா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நர்ஸ் வெளியே வந்து அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பையன். உயிரில்லாமல் பிறந்திருந்தான். அப்பாவும், மழையில் இறங்கி நின்ற கொத்தனார்களில் விசாரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவரும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். என்னைப் பார்க்க விடவில்லை. அம்மாவுக்கு நினைவு வரவில்லை, வருமா என்றும் சொல்ல முடியாது என்றார்கள்.

அத்தையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, மாற்றுத்துணி எடுக்க அப்பா ஊருக்கு வந்தார், நானும் வந்தேன். வீட்டுக்குள் போன அப்பா துணி எடுக்கவில்லை. மண்பானையைத் தூக்கிக் கொல்லையில் போட்டு உடைத்தார். திரும்பி வந்து வேனின் சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். நான் பின்சீட்டில் இருப்பது அவருக்குத் தெரிந்ததா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. "நைனா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியபோது வண்டி எந்த வீட்டுக்குப் போகிறது என்று புரிந்தது. அப்பாவும் ஜெயிலுக்குப் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். குழந்தைகளுக்குப் பெரிய பயம் வரும்போது அழுகை வராது. எனக்குப் பல் மட்டும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

சவுக்குத் தோப்பு ஓரத்தில் ஒரு கீற்று வீடு. டிராக்டர் மழையில் நனைந்துகொண்டு நின்றது. அப்பா ஸ்பேனரோடு உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன்.

டிராக்டர்காரர் பாயில் கிடந்தார். அவர் மனைவி அவர் தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் கண்ணும் மஞ்சள். அவர் அப்பாவைப் பார்த்தார், கையிலிருந்ததையும் பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் மறுபடியும் சாய்ந்தார்.

"வா அண்ணாத்த. நாலு நாளா வண்டி எடுக்க முடில. உங்க தெருவுக்குத் தண்ணி இல்லாம பேஜாரா கீதா?"

அப்பா அவர் மனைவி கையிலிருந்த சொம்பைப் பார்த்தார்.

"இன்னா தண்ணி அது?"

"நம்ம கிணறு தான்."

"இன்னுமா அத்தக் குடிச்சிகினு கீற?"

"வேற எத்தக் குடிக்கிறது?" என்றார் அவர். "குழாத் தண்ணி கல்லாச்சே."

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். கூரையிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் ஸ்பேனரைக் கீழே போட்டார். அந்தப் பெண் பயந்து பின்னால் நகர்ந்தாள். அப்பா குனிந்து சொம்பை வாங்கி வெளியே ஊற்றினார். பானையைத் தூக்கி அதையும் கொட்டினார்.

"ஏந்திரி. வண்டில ஏறு" என்றார். எழுந்திருக்க முடியாதவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

செங்கல்பட்டு வரை அவர்கள் இருவரும் என் எதிர்ச் சீட்டில். பாதி வழியில்தான் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "அம்மா எப்டி கீறாங்க பாப்பா? கொழந்த பொறந்துச்சா?" என்று கேட்டார். நான் அப்பாவின் முதுகைப் பார்த்தேன். அப்பா முன்கண்ணாடியைப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பிற்பாடு சுகாதாரத் துறை ஆட்கள் வந்தார்கள். கிணற்றுக்குப் பக்கத்து மேட்டில் யாரோ புதிதாகத் தங்கும் விடுதி கட்டியிருந்தார்கள். அதன் கழிவுக்குழி மழையில் நிறைந்து மணல் வழியாகக் கிணற்றில் இறங்கியிருக்கிறது. கிணற்றை மூடுகிற அன்று ஊர் போய்ப் பார்த்தது. அப்போதும் தண்ணீர் கண்ணாடி மாதிரி அடித்தரை தெரியக் கிடந்தது என்று சொன்னார்கள். டீக்கடைக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. டிராக்டர்காரரும் மனைவியும் பிழைத்தார்கள். அவர் டிராக்டரை விற்றுவிட்டுக் கோவளம் பக்கம் போய்விட்டார்.

அம்மாவுக்கு நினைவு வந்துவிட்டது என்று அப்பா வந்து சொன்னபோது நான் சந்தோஷப்படவில்லை. போய் நின்றால் மறுபடியும் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பாளோ என்றிருந்தது. வார்டில் கட்டிலுக்குக் கால்மாட்டிலேயே நின்றுகொண்டேன். அவள் பாதியாக இளைத்திருந்தாள். வயிறு தட்டையாக இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தலடீ இது? எண்ண வெச்சி வாரலியா?" என்றாள்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கையை நீட்டிக் கிட்டே கூப்பிட்டாள். என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். கட்டைவிரலால் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். ஒரு கண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த கண்ணையும் பார்த்தாள். அப்புறம்தான் என்னை விட்டாள்.

தம்பியைப் பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காலையில் என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் இமையை இழுத்துப் பார்ப்பாள். பள்ளிக்கூடம் போகும்போதும், காலேஜ் போகும்போதும், முதல் நாள் வேலைக்குப் போகும்போதும். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் நின்று காட்டுவேன். அவள் என் கண்ணைப் பார்க்கிற அந்த நேரத்தில் நான் அவள் கண்ணைப் பார்த்துக்கொள்வேன்.

என் கல்யாணத்தன்று மண்டபத்தில் எனக்கு மை தீட்டி, நகை பூட்டி, மணவறைக்குக் கூட்டிப்போக ஆட்கள் வந்து நின்றார்கள். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று அத்தை அவசரப்படுத்தினாள். அம்மா அவளைத் தள்ளிவிட்டு என்னை ஜன்னலோரம் கொண்டுபோனாள். மை கலைந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை. முகவாயைப் பிடித்து, இமையை இழுத்து, இரண்டு கண்ணையும் நிதானமாகப் பார்த்தாள்.

"வெள்ளையா தான் கீது" என்றாள். "போ."